நாள்பட்ட கழுத்துவலி: கைச்சிகிச்சையா, பயிற்சியா?

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் கழுத்துவலியைத்தான் நாள்பட்டது என்கிறோம். பிசியோதெரபிஸ்ட் கையால் மூட்டை அசைத்து, தசையை அழுத்தித் தளர்த்தினால் கழுத்து அப்போதே இலகுவாகத் திரும்பும். ஆனால் அந்தச் சுகம் பெரும்பாலும் சில நாள்தான். தசைக்கு வலு கூடுவதில்லையே. பயிற்சி மெதுவானது, 6 முதல் 12 வாரம் பிடிக்கும், ஆனால் பலன் நிலைக்கும். ஆகவே கைச்சிகிச்சையால் வலி தணிந்த அன்றே பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள்.

மல்லாந்து படுத்து, தலைக்கடியில் மடித்த துண்டு வையுங்கள். ‘ஆமாம்’ என்று தலையாட்டுவதுபோல் முகவாயை மெல்ல உள்ளிழுங்கள். தலையைத் தூக்கக் கூடாது. 10 விநாடி நிறுத்தி, 10 முறை. கழுத்தின் முன்தசை கயிறுபோல் புடைத்தால் விசை அதிகம். ஆழத்தில் உள்ள தசைக்கு வேலை போகாது. விசையைப் பாதியாக்குங்கள். பல்லைக் கடிப்பதும் இதே தவறுதான்.

அடுத்து, ரப்பர் பட்டையைச் சன்னல் கம்பியில் கட்டி, முழங்கையைப் பின்னுக்கு இழுங்கள்: 12 முறை, 2 சுற்று, வாரம் 3 நாள். தோள் காதை நோக்கி ஏறினால் பட்டை கனம், மாற்றுங்கள்.

கை மரத்தல், பிடி தளர்தல், நடை தடுமாறல் இருந்தால் கைச்சிகிச்சை, பயிற்சி இரண்டுமே வேண்டாம், முதலில் டாக்டர்.