ஃபோன் ஸ்டார்ட்டர் தானாக ரீசெட் ஆகிறதா?

மன்னார்குடிப் பக்கம் ஒரு போர்செட் கொட்டகை. கால் பண்ணினால் மோட்டாரை ஓட்டும் பெட்டி, நான் செய்தது. ரிங் வந்ததும் செத்து, மறுபடி உயிர்பெறும். குறுவை நடவு நேரம் வேறு. மல்டிமீட்டர் மட்டும் சமர்த்தாக 4.0 வோல்ட் காட்டியது.

பெட்டிக்குள் கால் வாங்கும் சிம் போர்டு சிம்800எல். அது சிக்னல் அனுப்பும்போது 4.6 மில்லி விநாடிக்கு ஒருமுறை, சுமார் 0.58 மில்லி விநாடி மட்டும், 2 ஆம்பியர் வரை இழுக்கும். அப்போது வோல்ட்டேஜ் 3.4-க்குக் கீழே இறங்கினால் கதை முடிந்தது. மீட்டருக்கு இது தெரியாது, வோல்ட்டேஜை அலையாக வரைந்து காட்டும் ஸ்கோப் வேண்டும்.

சிம் இழுப்பதைப் போலவே இழுத்துப் பார்க்க, வோல்ட்டேஜைக் குறைத்து சிம்முக்குக் கொடுக்கும் பக் கன்வெர்ட்டரின் அவுட்புட்டில் 2 ஓம் ரெசிஸ்டரை மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) வழியாக நொடிப்பொழுது இணைத்து, எடுத்து, மறுபடி இணையுங்கள். ஸ்கோப்பை ஏசி கப்ளிங்கில் வையுங்கள், ஏற்ற இறக்கம் மட்டும் தெரியும். ப்ரோபின் நீள கிரவுண்ட் வயர் வேண்டாம், அதுவே பொய் அலை காட்டும்.

ஸ்கோப் அலையில் ஒரு குழி விழுந்து நிதானமாக ஏறினால், சிம் போர்டின் காலருகிலேயே 1000 மைக்ரோஃபாரட் குறைந்த இஎஸ்ஆர் (உள் மின்தடை) கெபாசிட்டர் போடுங்கள். நாலைந்து முறை ஊஞ்சலாடினால், அவுட்புட்டைப் பார்த்துத் தன்னையே திருத்திக்கொள்ளும் கன்வெர்ட்டரின் லூப்பில் கோளாறு. அவுட்புட்டிலிருந்து ஃபீட்பேக் காலுக்கு வரும் மேல் ரெசிஸ்டருக்கு இணையாகச் சின்ன கெபாசிட்டர் வையுங்கள். 10 கிலோஓமுக்கு 1 நானோஃபாரட் என்றால் சுமார் 16 கிலோஹெர்ட்ஸில் வேலை தொடங்கும். 220 பிக்கோவில் ஆரம்பித்து ஏற்றிக்கொண்டே போங்கள், ஆட்டம் அடங்கியதும் நிறுத்துங்கள். அதிகமானால் ரிப்பிள் (அவுட்புட்டின் சிற்றலை) ஃபீட்பேக்கில் புகுந்து பழைய கதைதான்.

என் பெட்டியில் பாதிக் குற்றம் வயர் மேல். கன்வெர்ட்டர் பலகைக்கும் சிம்முக்கும் நடுவே ஒரு முழம் மெல்லிய வயர் விட்டிருந்தேன்!