'பழைய நூறு' ராகத்துக்கு நான்கு குரல் எழுதுவது எப்படி?

பாமாலை ராகம் (அதாவது மெட்டு) ஒன்றுக்கு முதன்முதலாக நான்கு குரல் (மேலிருந்து கீழாக சொப்ரானோ, ஆல்டோ, டெனார், பேஸ்) எழுதிப் பழக நினைக்கிறவர்கள் 'பழைய நூறு' (Old Hundredth) ராகத்திலிருந்து தொடங்குவது நல்லது. மொத்தம் 32 சுரம், நாலே அடி, அடிக்கு 8 அசை. ராகத்தின் அடிச்சுரத்துக்கும் உச்சத்துக்கும் இடையே சரியாக ஒரு ஸ்தாயிதான். சபைக்கு நன்றாகத் தெரிந்த ராகம் என்பதால், எழுதியதில் பிசகு இருந்தால் காதே காட்டிக்கொடுத்துவிடும்.

பைபிளின் சங்கீதங்களைப் பாட்டாக்கி 1551இல் வெளிவந்த ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் 134ஆம் சங்கீதத்துக்கான ராகமாக இது அச்சானது. அங்கிருந்த இசைக்கலைஞர் லூயி பூர்ஷ்வா அமைத்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். இங்கிலாந்தில் 1561 வாக்கில் வில்லியம் கெத் செய்யுளாக்கிய 100ஆம் சங்கீதத்தோடு சேர்ந்துகொண்டது. 1696இல் அங்கே புதிய சங்கீதப் பதிப்பு வந்த பிறகு, முந்தைய பதிப்பைச் சேர்ந்த இந்த ராகத்துக்குப் 'பழைய' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது.

ஜி மேஜரில் ராகம் இப்படிப் போகும்:

முதல் அடி: ஜி, ஜி, எஃப் ஷார்ப், ஈ, டி, ஜி, ஏ, பி
இரண்டாம் அடி: பி, பி, பி, ஏ, ஜி, சி, பி, ஏ
மூன்றாம் அடி: ஜி, ஏ, பி, ஏ, ஜி, ஈ, எஃப் ஷார்ப், ஜி
நான்காம் அடி: டி, பி, ஜி, ஏ, சி, பி, ஏ, ஜி

முதல் அடியில் வருவது கீழ் டி, நான்காம் அடியைத் தொடங்குவது மேல் டி. காலை ஆராதனையில் குரல் இன்னும் திறக்காத நேரத்தில் மேல் டி சிலருக்கு எட்டாது. அப்படியானால் எஃப் மேஜருக்கு இறக்கிவிடுங்கள். அதற்கும் கீழே போனால் ஆல்டோவும் பேஸும் தொண்டைக்குள் முனகத் தொடங்கிவிடுவார்கள்.

எழுதும்போது முதல் சுரத்திலிருந்து வரிசையாக நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். முதலில் ஒவ்வொரு அடியும் எங்கே போய் நிற்கிறது என்று முடிவு செய்யுங்கள். முதல் அடி பி-யில் முடிகிறது, அதற்கு ஜி கார்டு (கார்டு என்பது ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டு; இதில் ஜி, பி, டி). இரண்டாம் அடி ஏ-யில் முடிகிறது, அதற்கு டி கார்டு (டி, எஃப் ஷார்ப், ஏ). வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்குவது போன்ற நிறுத்தம் அது. மூன்றாம் அடியும் நான்காம் அடியும் ஜி-யிலேயே முடிகின்றன. இரண்டுக்கும் ஒரே மாதிரி டி–ஜி முடிவு கொடுத்தால், மூன்றாம் அடியிலேயே பாட்டு முடிந்துவிட்டதாகத் தோன்றும். அதனால் மூன்றாம் அடியை, ஜி-யையும் உள்ளடக்கிய ஈ மைனர் கார்டில் (ஈ, ஜி, பி) நிறுத்துவது எங்களுக்கு உகந்தது.

அடுத்து பேஸ். ராகத்தையும் பேஸையும் மட்டும் எழுதிப் பாடிப் பாருங்கள். இந்த இரண்டு குரலும் தனியாகவே நன்றாகக் கேட்டால் பாதி வேலை முடிந்தது. ராகம் ஏறும்போது பேஸ் இறங்குவதும், ராகம் இறங்கும்போது பேஸ் ஏறுவதும் கூடியவரை இருக்கட்டும். அதன் பிறகுதான் ஆல்டோவும் டெனாரும். அவர்களை முடிந்த அளவு பக்கத்துச் சுரத்துக்கே நகர்த்துங்கள், நகராமல் நின்றாலும் சரி. சொப்ரானோ–ஆல்டோ இடைவெளியும் ஆல்டோ–டெனார் இடைவெளியும் ஒரு ஸ்தாயியைத் தாண்டக் கூடாது. டெனாருக்கும் பேஸுக்கும் இடையே தாண்டினால் குற்றமில்லை.

முதல் அடி முழுவதும் எழுதினால் இப்படி வரும்:

சொப்ரானோ: ஜி, ஜி, எஃப் ஷார்ப், ஈ, டி, ஜி, ஏ, பி
ஆல்டோ: டி, டி, டி, பி, பி, பி, டி, டி
டெனார்: பி, பி, ஏ, ஜி, எஃப் ஷார்ப், ஜி, எஃப் ஷார்ப், ஜி
பேஸ்: ஜி, ஜி, டி, ஈ, பி, ஈ, டி, ஜி

ஆல்டோவின் டி, நடு சி-க்கு அடுத்த மேல் சுரம். அதன் பி, நடு சி-க்கு அடுத்த கீழ்ச் சுரம். பேஸின் முதல் ஜி நடு சி-க்குக் கீழே உடனே வரும் ஜி. கடைசி ஜி அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே.

மூன்றாம் சுரத்திலிருந்து நான்காம் சுரத்துக்குப் போகும் இடத்தை உற்றுப் பாருங்கள். பழகாத கை தவறுவது பெரும்பாலும் இங்கேதான். டி கார்டு ஈ மைனராக மாறுகிறது, பேஸ் டி-யிலிருந்து ஈ-க்கு ஏறுகிறது. டெனார் ஏ-யில் இருக்கிறார். அவரையும் கூடவே பி-க்கு ஏற்றிவிடத் தோன்றும். ஏற்றினால் டி–ஏ என்ற ஐந்தாம் இடைவெளி (டி-யிலிருந்து எண்ணினால் ஏ ஐந்தாவது சுரம்) அப்படியே ஈ–பி என்ற ஐந்தாம் இடைவெளியாக நகரும். இதைத்தான் இணை ஐந்து என்கிறோம். ஆல்டோவையும் டி-யிலிருந்து ஈ-க்கு ஏற்றினால் பேஸோடு இணை எட்டு, அதாவது ஸ்தாயி இடைவெளி அப்படியே நகரும். அப்போது குரல்கள் ஒன்றுக்குள் ஒன்று ஒட்டிக்கொள்ளும். நாலு பேர் பாடினாலும் இரண்டு பேர் பாடுவது போலத்தான் கேட்கும். விதிக்குக் காரணம் அதுதான். பேஸ் ஏறுகிறபோது ஆல்டோவையும் டெனாரையும் இறக்கிவிட்டால் தீர்ந்தது: டெனார் ஏ-யிலிருந்து ஜி-க்கு, ஆல்டோ டி-யிலிருந்து பி-க்கு. மூன்றாம் அடியை ஈ மைனரில் முடிக்கும்போதும் இதே பொறி காத்திருக்கும். அங்கும் மருந்து இதுவே.

எஃப் ஷார்ப் மீதும் ஒரு கண் இருக்கட்டும். டி கார்டில் அதை ஒரே ஒரு குரலுக்குத்தான் கொடுக்க வேண்டும். அது ஜி-க்குப் போகத் துடிக்கிற சுரம். இரண்டு பேருக்குக் கொடுத்தால் இருவரும் ஜி-க்கு ஓடி இணை எட்டு உண்டாகும். மேலே ஏழாவது சுரத்தில் அது டெனாரிடம் இருக்கிறது, எட்டாவதில் ஜி-யில் போய் அமர்கிறது.

கடைசி அடியின் முடிவான பி, ஏ, ஜி மூன்றுக்கும் பேஸ் டி, டி, ஜி. முதல் டி-யின் மேல் ஜி கார்டு வரும், இரண்டாம் டி-யின் மேல் டி கார்டு. முதல் கார்டில் இரட்டிக்க வேண்டிய, அதாவது இரண்டு குரலுக்குக் கொடுக்க வேண்டிய சுரம் பேஸில் உள்ள டி-தான். அடுத்த சுரத்தில் சொப்ரானோ பி-யிலிருந்து ஏ-க்கு இறங்கும். ஜி பாடுகிறவர் எஃப் ஷார்ப்புக்கு இறங்கியே ஆக வேண்டும். ஒத்திகையில் அவர் ஜி-யிலேயே நின்றுவிட்டால் முடிவு கரகரக்கும். யார் பாடுகிறார் என்று பார்த்து அவரை மட்டும் தனியே இரண்டு முறை பாடவையுங்கள்.

ராகத்தின் சுரத்தை மட்டும் மாற்றாதீர்கள். இந்த ராகம் அச்சான அதே 1551ஆம் ஆண்டு டிசம்பர் 3 அன்று, அனுமதியில்லாமல் சங்கீத ராகங்களைத் திருத்தினார் என்று பூர்ஷ்வாவையே ஜெனீவாவில் சிறையில் அடைத்தார்கள். அங்கே திருச்சபைச் சீர்திருத்தத் தலைவராக இருந்த கால்வின் தலையிட்ட பிறகே வெளியே வந்தார். மனப்பாடமாகப் பாடுகிற சபைக்கு ஒரு சுரம் மாறினாலும் தடுமாற்றம்தான்.

தாளத்தில் இரண்டு வழக்கு உண்டு. ஜெனீவா வழக்கில் முதல் அடி ஒரு நீளம், நாலு குறுக்கம், மூன்று நீளம் என்று போகும். பிற்கால வழக்கில் எல்லாச் சுரமும் சமம். தமிழ்ச் சொற்களைப் பாடுகிறவர்கள் இதைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீண்ட சுரத்தில் குறில் விழுந்தால் சொல்லே மாறிப்போகும். 'வரம்' என்பதை முதல் சுரத்தில் இழுத்துப் பாருங்கள், 'வாரம்' என்று கேட்கும். 'மனம்' 'மானம்' ஆகிவிடும். ஆங்கிலத்தில் அழுத்தத்தைப் பார்ப்பார்கள், நமக்கு மாத்திரைதான் முக்கியம். அடியின் தொடக்கத்தில் 'தேவா', 'வாரும்' போல நெடில் இருந்தால் ஜெனீவா வழக்கு அழகாகப் பொருந்தும். இல்லையென்றால் சம தாளமே பத்திரம். நிமிடத்துக்கு 60 முதல் 66 சுரம் என்ற வேகம் போதும். அடி முடிவில் எத்தனை எண்ணிக்கை நிற்பது என்பதைத் தாளிலேயே குறித்துவிடுங்கள். கீபோர்டுக்காரர் ஒன்று எண்ண, கொயர் இரண்டு எண்ணினால் இரண்டாம் அடி தொடங்கும்போதே இழுபறியாகிவிடும்.

சரணங்கள் நிறைய இருந்தால் ஒன்றில் ராகத்தை டெனாருக்குக் கொடுக்கலாம். புதுமை ஒன்றுமில்லை, 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அதுதான் வழக்கம். 1621இல் ரேவன்ஸ்கிராஃப்ட் வெளியிட்ட சங்கீதப் புத்தகத்தில் ஆங்கில இசையமைப்பாளர் ஜான் டவ்லண்ட் இந்த ராகத்துக்கு எழுதியதிலும் ராகம் டெனாரில்தான். அப்படிச் செய்யும்போது சொப்ரானோ அடக்கிப் பாட வேண்டும், இல்லையென்றால் சபை சொப்ரானோவையே ராகம் என்று நினைத்துப் பின்தொடரும்.

பிரதி எடுக்கும்போது 'இசை' என்று மொட்டையாக ஒரு பெயர் போடாதீர்கள். ராகம் யாருடையது, நான்கு குரல் யாருடையது என்று தனித்தனியே எழுதுங்கள். ராகம் பழையதாக இருந்தாலும் குரலமைப்புக்குத் தனிக் காப்புரிமை இருக்கலாம். இந்தியாவில் அது இசையமைத்தவர் இறந்த பிறகு 60 ஆண்டு, பிரிட்டனில் 70 ஆண்டு. 1953இல் பிரிட்டனின் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்காக இதே ராகத்தை விரித்தெழுதிய ஆங்கில இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் 1958இல் இறந்தார். அவருடைய அமைப்பு இந்தியாவில் 2018 முடிவோடு பொதுவுடைமை, பிரிட்டனில் 2028 முடியும்வரை காப்புரிமையில் இருக்கும். நீங்களே எழுதிய குரலமைப்பு என்றால் தலைப்பின் கீழே இப்படிப் போட்டால் போதும்: 'ராகம்: பழைய நூறு, ஜெனீவா சங்கீதப் புத்தகம், 1551. குரலமைப்பு:' என்று எழுதி உங்கள் பெயரும் ஆண்டும்.