கத்திரி லீவில் ஆசிரியர் உடம்பு தேற

விடைத்தாள் திருத்தும் கேம்ப் முடிந்து, மார்க் ஏற்றி, பீரோ சாவியை ஒப்படைத்த இரண்டாம் நாளே பல ஆசிரியர்களுக்குக் காய்ச்சல், தலைவலி, தொண்டைக்கட்டு வந்துவிடுகிறது. அதனால் லீவின் முதல் ஐந்து நாளை உடம்புக்கென்றே ஒதுக்குங்கள். வெளியூர்ப் பயணம், வெள்ளையடிப்பு, வடாம் பிழிவது எல்லாம் ஆறாம் நாளுக்கு மேல் இருக்கட்டும்.

அந்தத் தலைவலிக்குப் பல நேரம் டீதான் காரணம். ஸ்டாஃப் ரூமில் பதினொரு மணிக்கும் மூன்றரைக்கும் தவறாமல் குடித்தது வீட்டில் விட்டுப்போகிறது. காஃபின் நின்ற 12 முதல் 24 மணி நேரத்தில் தலை இடிக்கத் தொடங்கும். மாத்திரையைத் தேடாமல் அதே நேரத்துக்கு டீயைக் குடித்துவிட்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை அரை அரை டம்ளராகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். தூக்கத்திலும் இப்படித்தான். ஐந்து மணிக்கு எழுந்தவர் ஆறு மணி வரை தூங்கலாம். ஒன்பது வரை தூங்கினால் அன்று ராத்திரி தூக்கம் வராது. பகல் தூக்கம் அரை மணி நேரம், மூன்று மணிக்குள்.

அதிகம் அடிபட்டிருப்பது குரல். ஐம்பது பிள்ளைகளுக்கு மேல், ஃபேன் சத்தத்துக்கும் மேல் பேசிய தொண்டை அது. கிசுகிசுவென்று பேசினால் குரலுக்கு ஓய்வு என்று நினைப்பது தவறு. அதுவும் குரல்நாணை இறுக்குகிறது. மெதுவான சாதாரணக் குரலில் பேசுங்கள். அடிக்கடி செருமினால் குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதிப் புண்ணாகும். செருமத் தோன்றும்போது ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள்.

ஸ்ட்ரா பயிற்சி ஒன்று நல்ல பலன் தரும். ஒரு டம்ளரில் பாதி தண்ணீர் எடுத்து, ஸ்ட்ராவை இரண்டு மூன்று செ.மீ. ஆழத்துக்கு விட்டு, 'ஊ' என்று முனகியபடி ஊதுங்கள். குமிழி சீராக, நிற்காமல் வர வேண்டும். விட்டு விட்டு வந்தால் மூச்சு சீராக இல்லை என்று பொருள். வெடித்துத் தெறித்தால் அழுத்தம் அதிகம். ஒரு தடவைக்கு இரண்டு நிமிடம், நாளைக்கு நான்கைந்து தடவை. ஆவி பிடித்தால் வெறும் வெந்நீர் போதும், தைலம் தொண்டையை உலர்த்தும். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். அமிலம் மேலேறி வருவதாலும் குரல் கம்முவது உண்டு. மூன்று வாரமாகியும் கம்மல் போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்தது குதிகால். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் நாலு அடியில் சுருக்கென்று குத்தி, நடக்க நடக்கக் குறைந்தால் பாதத்தின் அடித்தசைநார் புண்பட்டிருக்கிறது. லீவிலும் அது ஆறாததற்கு ஒரு காரணம் வீட்டுத் தரை: டைல்ஸிலும் கிரானைட்டிலும் நாள் முழுக்க வெறுங்காலோடு நிற்கிறோம். வீட்டுக்குள்ளும், குறிப்பாக அடுப்படியில், மெத்தென்ற செருப்பு போடுங்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே துண்டைப் பாதத்தில் மாட்டி விரல்களைப் பத்துத் தடவை உங்கள் பக்கம் இழுங்கள். சுவரில் கை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாயுங்கள். 30 விநாடி, மூன்று முறை, இருவேளையும். சாயங்காலம் ஃப்ரீசரில் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணி சுற்றி, பாதத்துக்கடியில் பத்து நிமிடம் உருட்டலாம்.

பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்த வழக்கத்தை மாற்றவும் இதுதான் நேரம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழித்துப் பழகுங்கள். நிறம் வெளிர் மஞ்சளாக இருக்கும் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். இதய, சிறுநீரக நோயாளிகள் மருத்துவர் சொன்ன அளவோடு நிறுத்துங்கள்.

மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிடும். சென்னையில் நாகேஸ்வர ராவ் பூங்காவோ எலியட்ஸ் பீச்சோ, நடையைக் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள்.

இரண்டாம் வாரத்தில் ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், தைராய்டு, கொழுப்பு, எச்பிஏ1சி. கடைசியாகச் சொன்னது சுமார் மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டுவதால், பரீட்சைக் காலம் உடம்பை என்ன செய்தது என்பது தெரிந்துவிடும். பிபி பார்க்கும் முன் ஐந்து நிமிடம் உட்காருங்கள், அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபி வேண்டாம். சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனையில் குறைந்த கட்டணத்தில் முழு உடல் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

பள்ளி வேலை லீவிலும் துரத்தும். எமிஸ் (பள்ளிக்கல்வித் துறையின் இணையதளம்) பதிவு, லெசன் பிளான் எல்லாவற்றையும் செவ்வாய், வெள்ளி என இரண்டு நாளில் ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் அடக்குங்கள். வாட்ஸ்அப் குழுவை மியூட்டில் போட்டு, தலைமையாசிரியரின் அழைப்பு மட்டும் வரும்படி வையுங்கள். "லீவுதானே" என்று வீட்டில் மொத்த வேலையும் டீச்சர் தலையில் விழுவது பெரிய அநியாயம். ஒரு நாளைக்கு ஒரு பெரிய வேலைதான் என்று முதல் நாளே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டு வாரம் கடந்தும் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, பள்ளியை நினைத்தாலே அழுகை வருகிறது என்றால் ஓய்வு மட்டும் போதாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள்: இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது, எழும் நேரத்தைத் தினம் பதினைந்து நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். தினமும் பத்து நிமிடம் பாடப்புத்தகத்தை வாய்விட்டு வாசியுங்கள். புதுச் செருப்பைக் கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் வாங்கி, தினம் ஒரு மணி நேரம் வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழக்குங்கள்.