பூவுக்கு வருவோரைக் கவனிக்கும் முறை

வீட்டுத் தோட்டத்துப் பூக்களை நாடி வரும் உயிர்களைக் கவனிக்க விரும்புவோர், தோட்டம் முழுவதையும் சுற்றி வருவதைக் காட்டிலும், ஒரே ஒரு செடியைத் தேர்ந்துகொண்டு, அதன் மேல் நிழல் விழாதபடி சற்றுத் தள்ளிக் கால் மணி நேரம் அசையாமல் அமர்ந்திருப்பதே நல்லது. நடமாட்டம் ஓய்ந்த பிறகுதான் பல பூச்சிகள் பூவுக்குத் திரும்புகின்றன.

பூ விரியும் நேரத்தை முதலில் அறிய வேண்டும். பூசணிப் பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் கூம்பிவிடும்; அந்திமந்தாரையோ மாலையில்தான் விரியும். அதன் முன் அந்தரத்தில் நின்றபடியே நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டித் தேன் அருந்தும் பருந்து அந்துப்பூச்சியைக் காண, பொழுது சாயும் வேளையில் காத்திருக்க வேண்டும்.

வந்தது எது என்பதைவிட, அது பூவில் என்ன செய்கிறது என்பதே கூர்ந்து பார்க்கத்தக்கது. இதற்குக் கத்தரிச் செடியைவிடச் சிறந்த இடம் இல்லை என்பது என் எண்ணம். கத்தரிப் பூவில் தேன் கிடையாது. மகரந்தமும், மஞ்சள் நிற மகரந்தப்பைகளின் நுனியிலுள்ள சிறு துளைகளின் வழியே மட்டுமே வெளிவரும். நீலவரித் தேனீயும், மரத்தைத் துளைத்துக் கூடு அமைக்கும் பெரிய கருவண்டும் பூவைப் பற்றிக்கொண்டு, இறக்கைகளை விரிக்காமலேயே பறப்புத் தசைகளை அதிரவைத்து அந்த மகரந்தத்தை உதிர்க்கின்றன. பறக்கும்போது கேட்ட ரீங்காரம், பூவில் அமர்ந்ததும் சட்டென மேலும் கூர்மையாக ஒலிப்பதைக் காது கொடுத்துக் கேட்கலாம். நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீக்களுக்கு இவ்வாறு பூவை அதிரவைக்கும் திறன் இல்லை.

செம்பருத்தியில் நிகழ்வது வேறு. தேன்சிட்டு பல வேளைகளில் பூவின் அடிப்பகுதியைப் பக்கவாட்டில் அலகால் துளைத்துத் தேனை உறிஞ்சிவிடுவதால், வெளியே நீண்டிருக்கும் மகரந்தத் தண்டை அது தொடுவதே இல்லை. வருகின்ற ஒவ்வொன்றும் மகரந்தத்தைத் தொட்டதா, தொடாமல் சென்றதா என்பதைத் தனியே குறித்து வைப்பது பெரிதும் பயன்படும்.

பூவோடு இலையையும் பார்க்க வேண்டும். கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல் ஒட்டிக்கொண்டிருப்பது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம் புழுவாக இருக்கலாம். வளர்ந்தபின் அது பச்சை நிறம் பெறும். சில இலைகள் போவதற்காகப் பூச்சிக்கொல்லி தெளித்தால் அந்த வண்ணத்துப்பூச்சியை இழப்பதோடு, அருகிலுள்ள பூக்களுக்கு வரும் தேனீக்களுக்கும் தீங்கு செய்தவர்களாவோம். தயவுசெய்து அதைத் தவிருங்கள்.

குறிப்பேட்டில் நாள், மணி, வெயிலா மேகமா என்பது, செடி, வந்த உயிரின் நிறமும் அளவும், அது செய்த செயல் ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள். பெயர் தெரியாதபோது ஊகித்து எழுதாமல், கண்டதை மட்டும் விவரித்து, ஒளிப்படம் ஒன்றையும் சேர்த்து வைத்தால், பின்னர் அறிந்தவர்களிடம் காட்டிப் பெயரைக் கேட்டு நிரப்பிக்கொள்ளலாம்.