‘ஹேவ்’ எங்கே வரும், எங்கே வராது?

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை (பையர், அதாவது துணி வாங்குகிறவர், கொடுக்கிற ஆர்டரைக் கூடவே இருந்து கவனிக்கிற வேலை) பார்க்கிறவர்கள் ஒரு நாளில் எழுதுகிற ஆங்கில மெயில்களில் பாதி ஒரே சேதியைத்தான் சொல்லும்: சாம்பிள் அனுப்பியாச்சு, லேப் டிப் (கலர் சரிபார்க்கச் சாயம் போட்ட துணித் துண்டு) அனுப்பியாச்சு, பேக்கிங் லிஸ்ட் அனுப்பியாச்சு. அதனால் பன்னிரண்டு டென்ஸையும் கட்டம் போட்டு மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, முதலில் இந்த ஒரு வாக்கியத்தைச் சரி பண்ணுங்கள்.

‘ஐ ஹேவ் சென்ட் த சாம்பிள் எஸ்டர்டே.’ இது தப்பு. நன்றாகப் படித்தவர்களே இப்படி எழுதுகிறார்கள், அதற்குக் காரணம் நம் தமிழ்தான். ‘நேத்தே அனுப்பிட்டேனுங்க’ என்று சொல்லும்போது வேலை முடிந்ததும் தெரிகிறது, எப்போது என்பதும் கூடவே வந்துவிடுகிறது, தமிழில் இரண்டும் ஒன்றாக நிற்கும். அந்த ‘விட்டேன்’தான் ஹேவ் என்று நினைத்து எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஹேவ் போட்டால் எஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019 மாதிரி முடிந்துபோன நேரம் பக்கத்தில் வரக்கூடாது. நேரம் சொல்ல வேண்டுமா, ‘ஐ சென்ட் த சாம்பிள் எஸ்டர்டே’. அனுப்பியாச்சு என்பது மட்டும் போதுமா, ‘ஐ ஹேவ் சென்ட் த சாம்பிள்’. கேள்வியும் அப்படித்தான், ‘வென் டிட் யூ சென்ட்’ என்றுதான் கேட்கணும், ‘வென் ஹேவ் யூ சென்ட்’ கிடையாது.

‘ஏனுங்கண்ணா, டுடேன்னு வந்தா என்ன பண்றதுங்க?’ என்று ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள். நல்ல கேள்வி. இன்றைய நாள் இன்னும் முடியவில்லை, அதனால் டுடே, திஸ் வீக் இரண்டோடும் ஹேவ் தாராளமாக வரும்.

அப்புறம் ஹேட். மரியாதைக்காக ‘ஐ ஹேட் சென்ட் யூ எ மெயில்’ என்று எழுதுகிற பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது, ஆனால் ஹேட் மரியாதைச் சொல் இல்லை. நடந்து முடிந்த இரண்டு விஷயங்களில் எது முந்தி என்று காட்டத்தான் அது. நம் கன்டெய்னர் தூத்துக்குடி போய்ச் சேர்வதற்குள் கப்பல் கிளம்பியிருந்தது என்றால், ‘வென் அவர் கன்டெய்னர் ரீச்ட் தூத்துக்குடி, த வெசல் ஹேட் லெஃப்ட்’. ‘கிளம்பியிருந்தது’ என்று தமிழில் வாய்க்கு வந்தால் ஹேட் போடலாம், வெறும் ‘கிளம்பியது’ என்றால் ‘லெஃப்ட்’ போதும்.

‘2019-லிருந்து வேலை செய்கிறேன்’ என்பதை ‘ஐ ஆம் வொர்க்கிங் சின்ஸ் 2019’ ஆக்கிவிடாதீர்கள், ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்’ என்றுதான் வரணும். தமிழில் ‘இருந்து’ வந்தால் சின்ஸ், ‘ஆறு வருஷமா’ என்று அளவு வந்தால் ஃபார்.

பை, டில் இரண்டிலும் நான் அடிபட்டிருக்கிறேன். வெள்ளிக்குள் சாம்பிள் அனுப்பிவிடுவோம் என்பதற்கு ‘டில் ஃப்ரைடே’ என்று எழுதிவிட்டேன், வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அனுப்ப மாட்டீர்களா என்று பையர் கேட்க, அதை விளக்கவே இரண்டு மெயில் போனது. ‘வெள்ளிக்குள்’ என்றால் பை, ‘வெள்ளி வரைக்கும்’ என்றால் டில். பாரோ, லெண்ட் இன்னும் சுலபம், பக்கத்துத் தோட்டத்தில் ஸ்பிரேயர் இரவல் வாங்கினால் பாரோ, நீங்கள் கொடுத்தால் லெண்ட்.

இன்றைக்கே உங்கள் சென்ட் பாக்ஸில் ‘எஸ்டர்டே’ என்று தேடிப் பாருங்கள், வருகிற ஒவ்வொரு மெயிலிலும் அந்தச் சொல் இருக்கிற வாக்கியத்தில் ஹேவ் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.