மலையேற்றத்துக்குத் தண்ணீர் ஃபில்டர்: எதை வாங்கலாம், எப்படிப் பயன்படுத்தலாம்

காட்டுக்குள் மூன்று நாள் நடக்கப் போகிறீர்கள் என்றால் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு லிட்டராவது வேண்டும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. பத்துப் பன்னிரண்டு கிலோ தண்ணீரைச் சுமந்துகொண்டு ஏற்றம் ஏற முடியாது, வழியில் வரும் ஓடையையும் சுனையையும் நம்பித்தான் போக வேண்டும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை வேறு இருக்கிறது. ஆகவே பையில் ஒரு சின்ன ஃபில்டர் இருப்பது நல்லது. ஆனால் ஒருநாள் நடைக்கு மட்டும் போகிறவர்கள் இதற்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்ததே, அந்த மாதிரி காலையில் போய் சாயங்காலம் இறங்கும் நடைக்கு வீட்டிலிருந்தே இரண்டு மூன்று லிட்டர் எடுத்துப்போனால் போதும்.

எந்த பிராண்ட் நல்லது என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் தண்ணீர் எடுக்கும் இடத்துக்கு மேலே யார் இருக்கிறார்கள் என்பதைத்தான். ஃபில்டர் பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி அமெரிக்கக் காடுகளை மனதில் வைத்துச் சொன்னது. அங்கே உள்காட்டு ஓடைக்கு மேலே பெரும்பாலும் ஊரே இருக்காது, பாக்டீரியாவையும் ஜியார்டியா மாதிரி ஒட்டுண்ணிகளையும் தடுத்துவிட்டால் வேலை முடிந்தது. நம் பக்கம் அப்படி இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் எஸ்டேட் குடியிருப்போ மாட்டுப் பட்டியோ கோயிலுக்கு வரும் கூட்டமோ மேலே இருக்கும், இமயமலையில் ஆட்டிடையர்களும் முகாம்களும் இருப்பார்கள். மனிதக் கழிவு கலக்க வாய்ப்புள்ள தண்ணீரில் வைரஸும் இருக்கலாம். தண்ணீர் வழியாகப் பரவும் மஞ்சள் காமாலைக்குக் காரணமான ஹெபடைடிஸ் ஏ, இ இரண்டும் இந்தியாவில் சர்வசாதாரணம்.

அளவைச் சொன்னால் விஷயம் சுலபமாகப் புரியும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஜியார்டியா 8 முதல் 12 மைக்ரான், கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொரு ஒட்டுண்ணி 4 முதல் 6 மைக்ரான். ஈ.கோலை போன்ற பாக்டீரியா அரை மைக்ரான் தடிமனும் ஒன்று இரண்டு மைக்ரான் நீளமும் இருக்கும். ஹெபடைடிஸ் ஏ வைரஸோ சுமார் 0.03 மைக்ரான்தான். அதிகம் விற்கும் கையடக்க ஃபில்டர்களுக்குள் சேமியா மாதிரி மெல்லிய குழாய்கள் கொத்தாக இருக்கின்றன, அவற்றின் சுவரில் இருக்கும் துளை சாயர் ஸ்குவீஸிலும் கேடடின் பீஃப்ரீயிலும் 0.1 மைக்ரான், லைஃப்ஸ்ட்ராவில் 0.2 மைக்ரான். ஒட்டுண்ணியும் பாக்டீரியாவும் அதில் நின்றுவிடும். வைரஸ் தாராளமாகப் புகுந்து போகும். எலிக்காய்ச்சலுக்குக் காரணமான லெப்டோஸ்பைராவும் சுமார் 0.1 மைக்ரான் தடிமன்தான், நீளமாக நெளிந்து போகும் பாக்டீரியா என்பதால் 0.2 மைக்ரான் துளையில் நுழைந்துவிடும். மழைக்காலத்தில் கேரளப் பக்க மலைகளில் நடப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சிமருந்தும் உரமும் தனி விஷயம். வால்பாறை, மூணாறு, கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குள்ளிருந்து இறங்கி வரும் ஓடை கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தாலும் அதில் கரைந்திருப்பதை இந்த ஃபில்டர் எதுவும் எடுக்காது. காய்ச்சினாலும் போகாது, குளோரின் போட்டாலும் போகாது. கார்பன் சேர்ந்த ஃபில்டர் கொஞ்சம் குறைக்கும், அதை நம்பிக் குடிக்க வேண்டாம். தோட்டத்துக்கு மேலே, சோலைக்குள்ளிருந்து வரும் தண்ணீரைப் பிடியுங்கள். அது கிடைக்காத பாதை என்றால் அடுத்த இடம் வரைக்கும் சேர்த்துச் சுமந்து போவதுதான் ஒரே வழி.

சரி, எதை வாங்குவது? பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது பிழியும் வகை 0.1 மைக்ரான் ஃபில்டர் ஒன்று, கூடவே ஒரு அட்டை குளோரின் மாத்திரை. பிழியும் வகை என்றால், ஒரு பையில் தண்ணீரைப் பிடித்து அதன் வாயில் ஃபில்டரைத் திருகிப் பையைப் பிழிவது. சாயர் ஸ்குவீஸ் 85 கிராம் அளவுதான் இருக்கும், மாத்திரைக்கு எடையே கிடையாது. உள்காட்டு ஓடையில் ஃபில்டர் மட்டும் போதும், ஆள் நடமாட்டம் இருக்கும் இடத்தில் வடிகட்டிய தண்ணீரில் மாத்திரையும் போட்டுக்கொள்ளலாம். கோவை வெள்ளியங்கிரியை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பாட்டி சுனை, கைதட்டி சுனை, ஆண்டி சுனை என்று வழியில் தண்ணீர் இருக்கிறது, சீசனில் ராத்திரி பகலாக ஆயிரக்கணக்கானவர்கள் ஏறுகிறார்கள், ஆண்டி சுனையில் குளிப்பதும் வழக்கம். அங்கே பிடிக்கும் தண்ணீரை வெறும் ஃபில்டரில் விட்டுக் குடிக்காதீர்கள், இரண்டும் செய்யுங்கள்.

மாத்திரை வாசனையே ஆகாது என்பவர்களுக்குக் கிரேல் ஜியோபிரஸ் இருக்கிறது. பாட்டிலில் தண்ணீர் மொண்டு உள்பாகத்தை வைத்து அமுக்கினால் வைரஸ் உட்பட எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு 710 மில்லி தண்ணீர் கொடுக்கும். ஆனால் எடை ஏறக்குறைய அரைக் கிலோ, உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜ் 250 லிட்டர் அளவுக்குத்தான் வரும். நேபாளத்திலோ உத்தராகண்டிலோ ஊர் ஊராகத் தங்கி, குழாய்த் தண்ணீரையும் ஓட்டல் தண்ணீரையும் குடிக்க வேண்டிய பயணத்துக்கு இது நல்லது. எம்எஸ்ஆர் கார்டியன் 0.02 மைக்ரான் பம்ப், வைரஸையும் வடிக்கும், விலை அதிகம், தனியாளுக்கு அவசியமில்லை. ஸ்டெரிபென் மாதிரி புறஊதா விளக்கு ஒரு லிட்டரை 90 விநாடியில் சுத்தம் செய்துவிடும், ஆனால் தண்ணீர் தெளிவாக இருந்தால்தான், அதோடு குளிரில் பேட்டரி படுத்துவிடும். வாயை வைத்து உறிஞ்சும் ஸ்ட்ரா வகையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஓடைக்கரையில் குப்புறப் படுத்துக் குடிக்கலாம், அவ்வளவுதான். சமைக்கத் தண்ணீர் எடுக்க முடியாது, அடுத்த ஏற்றத்துக்கு நிரப்பிக்கொண்டு போகவும் முடியாது.

காய்ச்சிக் குடித்தால் எல்லாமே செத்துவிடும் என்பது உண்மை. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம். ஆனால் தமிழ்நாட்டுக் காடுகளில் தீ மூட்ட அனுமதி கிடையாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள், அதற்குப் பிறகும் காய்ந்த புல்லுக்கு நடுவில் அடுப்பு பற்றவைக்க யோசிக்கவே கூடாது.

ஆன்லைனில் வாங்கும்போது 0.1 மைக்ரான் என்று எழுதியிருப்பதை மட்டும் பார்க்காதீர்கள், அது 'அப்சல்யூட்' அளவா என்று பாருங்கள். 'நாமினல்' என்றால் சராசரி, அதைவிடப் பெரிய துளைகளும் இருக்கும். பாக்டீரியா 99.9999 சதவீதம், ஒட்டுண்ணி 99.9 சதவீதம், வைரஸ் 99.99 சதவீதம் நீக்க வேண்டும் என்பது அமெரிக்க அரசின் வழிகாட்டி அளவு. வைரஸ் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாத பெட்டி வைரஸை நீக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத மலிவு ஃபில்டர்களில் யார் சோதித்தார்கள் என்ற விவரமே இருக்காது, அவற்றைத் தொட வேண்டாம்.

வாங்கியதும் வீட்டிலேயே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். முதல் ஒன்றிரண்டு லிட்டரைக் கீழே ஊற்றிவிடுங்கள். பை கிழிந்தால் மாற்றுக்கு பாட்டில் வேண்டுமே, உங்கள் ஃபில்டரின் மரை எந்த பாட்டிலுக்குப் பொருந்துகிறது என்று இப்போதே பாருங்கள். சோடா, கோலா பாட்டில்களின் 28 மி.மீ. வாய் பல ஃபில்டர்களுக்குப் பொருந்தும், தண்ணீர் பாட்டில்களின் வாய் பிராண்டுக்குப் பிராண்ட் மாறும். திருகும் இடத்தில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அது கழன்று விழுந்துவிட்டால் அழுக்குத் தண்ணீர் பக்கவாட்டில் கசிந்து சுத்தமான பாட்டிலுக்குள் போகும். ஒவ்வொரு முறையும் திருகுவதற்கு முன் வாஷர் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள், முடிந்தால் உபரியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பிடிக்கும்போது ஓடுகிற இடமாகப் பாருங்கள். தேங்கிய குட்டை வேண்டாம். பாதை ஓடையைக் கடக்கும் இடத்தில் எல்லாரும் கால் நனைப்பார்கள், அதற்கு மேலே கொஞ்ச தூரம் போய் எடுங்கள். பிழியும் பையை ஆழமில்லாத தண்ணீரில் நிரப்புவது பெரிய பாடு, அதற்கு ஒரு பழைய பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்துப் போனால் மொண்டு ஊற்றலாம். பாறையில் தண்ணீர் வெறுமனே கசிந்துகொண்டிருந்தால் ஒரு நீள இலையைச் செருகி மேலே சின்னக் கல் வையுங்கள், இலை நுனியிலிருந்து நூலாக விழும், கீழே பாட்டிலை வைத்துவிட்டு ஓய்வெடுக்கலாம்.

கலங்கலான தண்ணீரை அப்படியே விட்டால் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மழை பெய்த பிறகு எல்லா ஓடையும் கலங்கித்தான் வரும். இமயமலையில் பனிப்பாறையிலிருந்து வரும் பால் நிறத் தண்ணீர் இன்னும் மோசம், அதில் இருப்பது மாவாக அரைந்த பாறைத்தூள். ஒரு பாத்திரத்தில் பிடித்து அரை மணி நேரம் தெளிய வைத்து, மேலாக இருப்பதை மட்டும் பழைய பருத்தித் துணியை நாலாக மடித்து அதன் வழியாகப் பைக்குள் ஊற்றுங்கள். துணியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வங்கதேசக் கிராமங்களில் பழைய சேலைத் துணியை மடித்து வடிகட்டிக் குடித்ததில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2003-ல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. துவைத்துத் துவைத்து நைந்த துணியில் இழைகள் நெருங்கிவிடுவதால் அது புதுத் துணியைவிட நன்றாகப் பிடிக்கிறது. ரொம்பவும் கலங்கலாக இருந்தால் நான்கு லிட்டருக்கு ஒரு சிட்டிகை படிகாரத் தூள் போட்டுக் கலக்கி விட்டுவிடுங்கள், மண் திரண்டு அடியில் இறங்கும். நம் வீடுகளில் பானையில் தேற்றாங்கொட்டை உரசியதும் இதற்காகத்தான்.

பிழியும்போது பையை முறுக்காதீர்கள், கீழிருந்து மெல்லச் சுருட்டிக்கொண்டே வாருங்கள். பை கிழிவதெல்லாம் கழுத்துப் பகுதியில் அவசரமாக அமுக்குவதால்தான். வேகம் குறைந்தால் அமுக்கத்தைக் கூட்டாமல் பின்பக்கமாகக் கழுவுங்கள்: சிரிஞ்சில் வடிகட்டிய தண்ணீரை எடுத்து, சுத்தமான முனையிலிருந்து அழுக்கு முனைக்கு வேகமாகச் செலுத்த வேண்டும். ஓடைத் தண்ணீரை சிரிஞ்சில் எடுத்துவிடாதீர்கள், சுத்தமான பக்கம் முழுக்க அசுத்தமாகிவிடும். பீஃப்ரீ வகைக்கு சிரிஞ்ச் தேவையில்லை, தண்ணீரில் ஆட்டி அலசினாலே போதும்.

அழுக்குப் பைக்கு ஒரு சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள். அதில் வேறு எதையும் வைக்கக் கூடாது, அதன் மூடியைக் குடிக்கும் பாட்டிலுக்குப் போடக் கூடாது. ஓடையில் நனைந்த கையோடு சுத்தமான பாட்டிலின் வாயைத் தொடுவதும் கூடாது. கை விஷயத்தை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஆயிரக்கணக்கில் செலவழித்து ஃபில்டர் வாங்குகிறார்கள், காலைக்கடன் முடித்துவிட்டு சோப்புப் போடாத கையால் எல்லாருக்கும் கடலை மிட்டாய் எடுத்துக் கொடுக்கிறார்கள். குழுவில் அடுத்தடுத்து ஆட்களுக்கு வயிறு போனால் அது கைவழியாகவும் வந்திருக்கலாம். சின்ன சோப்புத் துண்டு ஒன்று கட்டாயம் வேண்டும், ஓடைக்குள் இல்லாமல் கரையிலிருந்து தள்ளி நின்று கழுவுங்கள்.

குளோரின் மாத்திரையில் கவனிக்க வேண்டியது, அது எத்தனை லிட்டருக்கு என்பது. ஒரு லிட்டருக்கும் உண்டு, குடத்துக்குப் போடும் 20 லிட்டர் மாத்திரையும் உண்டு, இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள். போட்டபின் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும், தண்ணீர் ஜில்லென்று இருந்தால் இன்னும் கூடுதலாக. எப்போதும் வடிகட்டிய பிறகுதான் போட வேண்டும், ஏனென்றால் அழுக்கு குளோரினைத் தின்றுவிடும். சாதாரணக் குளோரினுக்கு கிரிப்டோஸ்போரிடியம் சாகாது, அதை ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். ஒன்று விடுவதை மற்றொன்று பிடிக்கிறது என்பதால்தான் இந்த ஜோடியை இவ்வளவு தூரம் வலியுறுத்துகிறேன்.

குளிரும் ஃபில்டரைக் கெடுக்கும். நனைந்த ஃபில்டர் ஒருமுறை உறைந்துவிட்டால் உள்ளே இருக்கும் பனிக்கட்டி விரிந்து குழாய்கள் விரிசல் விடும். வெளியே ஒன்றும் தெரியாது, தண்ணீர் முன்பைவிட வேகமாகக்கூட வரும், நாம் சந்தோஷப்படுவோம். கேதார்காந்தா மாதிரி பனிக்கால மலையேற்றத்தில் ராத்திரி ஃபில்டரை உதறி ஒரு ஜிப் கவரில் போட்டு ஸ்லீப்பிங் பைக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள், பகலில் ஜாக்கெட் உள்பையில் வையுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு சோதனை உண்டு: நன்றாக நனைந்த ஃபில்டரைக் காற்று நிரப்பிய பையில் திருகி, வெளிமுனையைத் தண்ணீரில் அமிழ்த்திப் பையை அமுக்குங்கள். நனைந்த நுண்துளை வழியாகக் காற்று போகாது, ஆகவே தொடர்ந்து குமிழி வந்தால் உடைந்துவிட்டது என்று அர்த்தம். குமிழி வராவிட்டாலும், உறைந்தது நிச்சயம் என்றால் தூக்கிப்போட்டுவிட்டு மாத்திரைக்கு மாறுங்கள்.

வீடு திரும்பியதும் அப்படியே பரணில் போட்டுவிடாதீர்கள். நன்றாகப் பின்கழுவி, துளி பிளீச் கலந்த தண்ணீரை ஒருமுறை விட்டு, காற்றோட்டமான இடத்தில் பல நாள் உலர விடுங்கள். கழுவ போர் தண்ணீர் வேண்டாம், உப்பு படிந்து துளை அடைத்துக்கொள்ளும். ஏற்கெனவே அப்படி அடைத்துக்கொண்டிருந்தால் வெள்ளை வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் பெரும்பாலும் திறந்துவிடும்.

ஜியார்டியா உள்ளே போய் ஒன்று இரண்டு வாரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும், ஹெபடைடிஸ் ஏ ஒரு மாதம்கூட எடுத்துக்கொள்ளும். அதற்குள் மலைக்குப் போனதே மறந்திருக்கும். வயிற்றுப்போக்கு நாள் கணக்கில் நீண்டாலோ, காய்ச்சலோடு கண் மஞ்சளானாலோ டாக்டரிடம் போகும்போது இந்தத் தேதியில் இந்த மலையில் ஓடைத் தண்ணீர் குடித்தேன் என்று நீங்களாகவே சொல்லுங்கள், எந்தப் பரிசோதனை எழுத வேண்டும் என்பது அவருக்கு அதிலிருந்துதான் தெரியும். அடிக்கடி மலைக்குப் போகிறவர்கள் ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி பற்றியும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.