கீழே கடை, மேலே வீடு: பெட்ரோல் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை மயிலாப்பூரில் மாட வீதிப் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் காய்கறி, மெஸ், பள்ளிக்கூடம், வங்கி எல்லாமே நடக்கிற தூரம். 1997-இல் வந்த திருமயிலை பறக்கும் ரயில் நிலையமும் பக்கத்திலேயே இருக்கிறது. வீடும் கடையும் அலுவலகமும் இப்படிக் கலந்திருந்தால் பயணத்துக்கான எரிபொருள் குறையும் என்பது உண்மைதான். எவ்வளவு குறையும், யாருக்குக் குறையும் என்று கணக்குப் போடும்போதுதான் தவறுகள் வருகின்றன.

பெரிய தவறு, எத்தனை தடவை வெளியே போகிறோம் என்று எண்ணுவது. எண்ண வேண்டியது கிலோமீட்டரை. பால், மருந்து, டெய்லர் என்று நாளைக்கு 3 தடவை அரை கிலோமீட்டர் ஸ்கூட்டரில் போய்வந்தாலும் மொத்தம் 3 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 ஓடும் வண்டி என்றால் 70 மில்லிக்கும் குறைவான பெட்ரோல். அதே வீட்டிலிருந்து ஒருவர் நகருக்குத் தெற்கே இருக்கும் சிறுசேரி ஐ.டி. பூங்காவுக்குக் காரில் போனால், போகவர 40 கிலோமீட்டரைத் தாண்டும். லிட்டருக்கு 15 கொடுக்கும் காராக இருந்தாலும் இரண்டரை லிட்டருக்கு மேல் போய்விடும். கீழ்வீட்டு மளிகைக்கடை இதை ஈடுகட்டாது. அமெரிக்காவில் நகரத் திட்டமிடல் ஆய்வாளர்களான ரீட் யூவிங்கும் ராபர்ட் செர்வெரோவும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியிட்ட கணக்கும் இதையே சொல்கிறது: நிலப் பயன்பாட்டுக் கலப்பு, அதாவது வீடு, கடை, அலுவலகம் கலந்திருக்கும் அளவு, 10 சதவீதம் கூடினால் கார் ஓட்டம் குறைவது 1 சதவீதம்கூட இல்லை. வேலை இடங்களை எட்டுவது அதே அளவு எளிதானால் ஏறக்குறைய 2 சதவீதம் குறைகிறது. அதனால் வீடு பார்க்கும்போது, வேலைக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று முதலில் கேளுங்கள்.

அப்புறம், தி.நகர் கடைவீதி நெரிசலைக் காட்டி, கலப்பு என்றாலே பெட்ரோல் வீண் என்பார்கள். அங்குள்ள ரங்கநாதன் தெருவுக்கு ஊரெங்கும் இருந்து கூட்டம் வருகிறது. அந்தப் பயணங்களை அங்கே குடியிருப்பவர் தலையில் எழுதக் கூடாது.

நடைபாதையை மறப்பதும் உண்டு. கடை 500 மீட்டரில் இருந்தாலும், நடக்க வழியில்லாமல் வண்டிகள் உரசிக்கொண்டு போனால் யாரும் ஸ்கூட்டர் சாவியைத்தான் எடுப்பார்கள்.

எனக்கு மனசு ஆறாத தவறு இன்னொன்று. சென்னையின் தென்கோடியில் இருக்கும் மறுகுடியமர்வுக் குடியிருப்பான கண்ணகி நகரை வரைபடத்தில் பாருங்கள். குடியிருப்பை ஒட்டியே ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) ஐ.டி. வளாகங்கள். வீடும் வேலையும் பக்கம் பக்கமாக இருப்பதுபோல் தெரியும். ஆனால் 2000 வாக்கிலிருந்து நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்டு அங்கே குடியமர்த்தப்பட்ட பலருக்குத் தெரிந்த வேலை, முன்பு குடியிருந்த இடத்தைச் சுற்றித்தான் இருந்தது. அந்த வளாகங்களில் இருப்பது பெரும்பாலும் வேறு படிப்புக்கான வேலை. வீட்டு வேலை செய்த பெண்கள் சிலர் விடியற்காலையில் பஸ் பிடித்துப் பழைய தெருவுக்கே போனார்கள். பலர் முடியாமல் வேலையை விட்டார்கள். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, சரி. ஆனால் போகவர ஆகும் நேரம் குறையவில்லை. வேலையை விட்ட பெண்ணின் பயணம், எரிபொருள் கணக்கில் மிச்சம் என்று பதிவாகிறது. அவள் இழந்த கூலிக்கு அந்தக் கணக்கில் பத்தியே கிடையாது.